தெரிந்த வேலை, தெரியாத பெயர்: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வேலை தேடல்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளை. வயது 22. தமிழ் மொழிமூலம் வர்த்தகப் பிரிவில் உயர்தரம்: கணக்கீடு பி, வணிகக் கல்வி சி, பொருளியல் எஸ். பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. சாதாரண தரத்தில் கணிதம் சி, ஆங்கிலம் எஸ். வீட்டில் கணினி இல்லை. கையில் ஒரு ஸ்மார்ட்போன், அதற்கு மாதமொரு டேட்டா பெக்கேஜ். ஐந்து மாதத்தில் அறுபதுக்கு மேல் விண்ணப்பம் அனுப்பினார். வந்த பதில் இரண்டு. அதில் ஒன்று கள்ளம்.

இப்படி ஒரு தனி ஆளைத் தேடிப் போக வேண்டாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இணையத்தில் வேலை தேடுபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகளை ஒரே பாதையில் வைத்துக் கோர்த்த நிகழ்வு இது. விண்ணப்ப எண்ணிக்கை, பேசிய சம்பளம் போன்றவை இந்தப் பாதைக்கு மட்டும் உரியவை. சட்டமும் வீதமும் நிறுவனங்களும் உள்ளபடியே தரப்பட்டிருக்கின்றன.

அறுபது விண்ணப்பமும் எங்கே போயின

முதல் ஐந்து மாதமும் இவர் தேடுபொறியில் தட்டிய சொல் ஒன்றுதான்: ஆங்கிலத்தில் ‘மட்டக்களப்பில் வேலை’. வந்ததற்கெல்லாம் ஒரே சீவியை (சுயவிபரக் கோவையை) அனுப்பினார். வரவேற்பாளர், விற்பனைப் பிரதிநிதி, முன்பள்ளி ஆசிரியை, டேட்டா என்ட்ரி, ஹோட்டல் காசாளர் எல்லாவற்றுக்கும் அதே இரண்டு பக்கம்.

அந்தச் சீவியைத் திறந்து பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடக்கிறது. கொமினிகேசன் கடையில் அடித்தது. பெயர், விலாசம், பெற்றோர் விபரம் தமிழில், பாமினி எழுத்துருவில். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்ட் கோப்பைத் திறந்தால் போர்வை கழன்றுவிடும். ‘மட்டக்களப்பு’ என்று அடித்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும் நிற்கும், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் குற்றுக்கு அரைப்புள்ளிச் சாவியைத்தான் தட்டுகிறோம். கொழும்பில் அதைத் திறந்தவருக்கு இந்தப் பிள்ளையின் பெயரே தெரிந்திருக்காது.

“இஞ்ச பாருங்க தங்கச்சி, யுனிகோட்ல அடிச்சு பீடிஎஃப் ஆக்கித்தான் அனுப்பணும். வேர்டா அனுப்பினா அங்க வேற மாதிரித்தான் தெரியும்” என்று கடைக்காரர் சொன்னது ஐந்தாம் மாதம். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

மற்றப் பிழைகள் சின்னவை, ஆனால் ஒவ்வொன்றும் கதவைச் சாத்தக் கூடியவை. சான்றிதழ்களைப் போனில் படம் எடுத்து எட்டுப் படங்களாக இணைத்திருந்தார். மின்னஞ்சல் கனத்துப்போய் சில இடங்களுக்குப் போகவே இல்லை. பொருள் வரி வெறுமையாக இருந்தது. மின்னஞ்சல் முகவரி பள்ளிக்கூடக் காலத்தில் விளையாட்டாக வைத்த பெயர். எல்லாவற்றையும் விட மோசமானது, 011 என்று தொடங்கும் அழைப்புகளை விளம்பரக்காரர் என்று நினைத்து எடுக்காமல் விட்டது. 065 என்றால் மட்டக்களப்பு, 067 கல்முனை, 063 அம்பாறை, 011 கொழும்பு. வேலைக்கு அனுப்பியிருப்பவர் கொழும்பு இலக்கத்தைத் தவறவிடக் கூடாது. தவறினால் அன்றைக்கே திருப்பி எடுக்க வேண்டும்.

நாற்பது விளம்பரம், ஒரு கொப்பி

ஆறாம் மாதம் பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரைச் சந்தித்தபோது கிடைத்த ஆலோசனை, கொஞ்ச நாளைக்கு விண்ணப்பமே அனுப்பாதே என்பது. இரண்டு கிழமை விளம்பரங்களை வாசிக்க மட்டும் வேண்டும். இந்தத் திணைக்களத்தின் தொழில் வழிகாட்டல் சேவை இலவசம். அப்படி ஒருவர் தங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு சீ.ஆர். கொப்பியில் ஆறு நிரல் கீறினார்: பதவியின் பெயர், இடம், கேட்ட தகைமை, கேட்ட மென்பொருள், அனுபவம், விண்ணப்பிக்கும் வழி. நாற்பது விளம்பரம் ஏறியதும் கொப்பி தானாகப் பேசத் தொடங்கியது.

முதலில் தெரிந்தது, டொப்ஜொப்ஸ் போன்ற தளங்களில் விளம்பரங்களில் பெரும்பாலானவை படமாக வருகின்றன என்பது. படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தளத்தின் தேடல் பெட்டி பிடிக்காது. தலைப்பில் இருக்கும் பதவிப் பெயர் மட்டுமே அகப்படும். ‘மட்டக்களப்பு’ என்று தேடினால் ஒன்றுமில்லை என்று வரும். ஆனால் ‘அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட்’ என்று போட்டு ஒவ்வொரு படமாகத் திறந்தால் கீழே சின்ன எழுத்தில் ‘கல்முனைக் கிளை’ என்று இருக்கும். லீசிங், காப்புறுதி, சுப்பர்மார்க்கெட், மருந்து விநியோகம் என்று இங்கே கிளை வைத்திருப்பவர்களின் விளம்பரம் கொழும்புத் தலைமையகத்தில் எழுதப்படுகிறது. அங்கிருந்து பார்க்கிறவருக்கு நாங்கள் ‘கிழக்கு வலயம்’ அல்லது ‘நாடு முழுவதும்’. ஊர்ப் பெயரே இராது.

ஊர்ப் பெயர் இருந்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும். களுவாஞ்சிகுடியின் கடைசி எழுத்தை ஒருவர் ‘வை’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘ஐ’. காத்தான்குடியில் ‘ரி’ ஒன்றா இரண்டா என்பது எழுதுகிறவர் விருப்பம். ஏறாவூரும் வாழைச்சேனையும் அப்படித்தான். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலைக் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வைத்து, மாற்றி மாற்றித் தேட வேண்டும். கூகுளில் தேடுவதானால் பதவிப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, கால வடிகட்டியில் ‘கடந்த ஒரு கிழமை’ என்று வைப்பது அவசியம். இல்லாவிட்டால் முடிவுத் திகதி போன விளம்பரங்களுக்குத்தான் டேட்டா கரையும்.

இனித்தான் இந்த நிகழ்வின் முடிச்சு. ஒரு விளம்பரம் நான்கு வேலையைக் கேட்டது: லெட்ஜர் போஸ்டிங், பேங்க் ரிகன்சிலியேஷன், பெட்டி காஷ், டெட்டர்ஸ் ஃபொலோ அப். தனக்கு ஒன்றும் தெரியாது என்று இவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். நான்கையும் தமிழில் எழுதிப் பாருங்கள். பேரேட்டில் பதிதல். வங்கிக் கணக்கிணக்கக் கூற்று. சில்லறைக் காசேடு. கடன்பட்டோரிடம் அறவிடல். இரண்டு வருடம் படித்து ‘பி’ எடுத்த பாடம் அதுதான். கடன்பட்டோர் பேரேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கீறக் கூடியவர், ‘டெட்டர்’ என்ற சொல்லைக் கண்டு தன் வேலையைத் தானே கைவிட்டிருக்கிறார். ஆங்கிலம் எஸ் என்பதால் இது நடந்தது என்று சொல்லி முடிப்பது சோம்பேறித்தனம். இதற்குத் தேவையான ஆங்கிலம் ஏறத்தாழ எண்பது சொல்.

அந்த எண்பதையும் காசு கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் கணக்கீட்டுப் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே அலகை இரு மொழியிலும் இறக்கி, தலைப்புக்குத் தலைப்பு ஒப்பிட்டு, இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஆங்கிலமுமாக எழுதிக்கொண்டு போனால் பத்து நாளில் பட்டியல் முடிந்துவிடும். இந்த வேலையைப் பள்ளிக்கூடத்திலேயே செய்து கொடுக்காமல் விடுவது ஏனென்று விளங்கவில்லை.

கொப்பியின் நான்காம் நிரலில் திரும்பத் திரும்ப வந்த பெயர்கள் இரண்டு: எக்செல், குவிக்புக்ஸ். ‘எக்செல் தெரியும்’ என்று சீவியில் போடுவது எல்லோரும் செய்வது. நேர்முகத்தில் கேட்பது இன்னொன்று: 300 விலைச்சிட்டையில் ஒரு கடைக்காரருடைய நிலுவையை மட்டும் எடுத்துத் தாருங்கள். அதற்கு வேண்டியது வடிகட்டல், நிபந்தனையுடன் கூட்டல், வீ லுக்கப் (வேறு பட்டியலிலிருந்து பொருந்தும் பெறுமதியை எடுத்தல்), பிவட் டேபிள் (தொகுப்பு அட்டவணை) ஆகிய நான்கு. போனில் கூகுள் ஷீட்ஸ் வைத்து முதல் மூன்றையும் பழகலாம். கண் வலிக்கும், ஆனால் முடியும். பிவட் டேபிளுக்குக் கடையில் மணித்தியாலக் கணக்கில் கணினி எடுப்பதே நல்லது.

வேலையா, படிப்பா, வர்த்தமானியா

எந்தத் தொழில் என்பதைக் கொப்பி தீர்த்தது: கணக்கு உதவியாளர், அதிலிருந்து மேலே. எந்த வழியால் என்பது மீதி.

வீட்டில் அம்மாவின் கணக்கு வேறு. “அரசாங்க உத்தியோகம்தான் மகள் கடைசிவரைக்கும் நிக்கும்.” அதைத் தள்ளிவிடவும் முடியாது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் தளத்தில் மூன்று மொழியிலும் ஏறுகிறது. வேலை தேடுகிறவர் பார்க்க வேண்டியது பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் வரும் முதலாம் பகுதியின் ‘இரண்டு அ’ தொகுதி. பேஸ்புக்கில் ஒருவர் வெட்டி ஒட்டிய படத்தை நம்பி விண்ணப்பிக்கப் போனால் நான்காம் பக்கத்துத் தகைமை நிபந்தனை கண்ணில் படாது. மாகாண சபைக்குக் கீழான பதவிகளுக்குக் கிழக்கு மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ஆட்கள் கழிபடும் இடங்கள் பெரும்பாலும் இவை. வயது கணிக்கப்படுவது விண்ணப்ப முடிவுத் திகதியில்; இன்றைய வயதை எழுதிவிட்டு அனுப்புகிறார்கள். தபாலில் போகும் விண்ணப்பமானால் பதிவுத் தபால், உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் அல்லது பரீட்சையின் பெயர். பரீட்சைத் திணைக்களத்தின் ஒன்லைன் விண்ணப்பத்தில் கட்டணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்; அச்சுப் பிரதியைக் கையொப்ப அத்தாட்சியோடு அனுப்பச் சொல்லியிருக்கிறதா என்று அறிவித்தலைக் கடைசி வரி வரைக்கும் பார்க்க வேண்டும். பிறகு பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பரீட்சைச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக என்று எங்கள் பக்கத்தில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முன்கூட்டியே எடுத்து வைத்தால் நேர்முகத்தன்று ஓடித்திரிய வேண்டியதில்லை.

படிப்பு என்று வந்தபோது இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, ஆரையம்பதி கோவில்குளத்தில் இருக்கும் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணக்கீட்டில் உயர் தேசிய டிப்ளோமா. நான்கு வருடம், முழுநேரம் என்றால் படிப்புக் கட்டணம் இல்லை, கல்முனை வீதியால் ஒரே பஸ். அம்பாறை மாவட்டத்தவருக்குச் சம்மாந்துறையிலும் அம்பாறை ஹார்டியிலும் இதே வலையமைப்பின் நிறுவனங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் ஒன்லைனில், ஒரே அமர்வில் மூன்று பாடச் சித்தி வேண்டும், அது இவரிடம் இருந்தது. மற்றது ஏ.ஏ.ரி. என்ற கணக்கீட்டுத் தொழில் தகைமை, மூன்று நிலை, வேலை செய்துகொண்டே படிக்கலாம், ஆனால் பதிவுக்கும் பரீட்சைக்கும் கட்டணம் உண்டு. வீட்டில் இரண்டாவது வருமானம் தேவைப்பட்டபடியால் இவர் ஏ.ஏ.ரி. பக்கம் சாய்ந்தார். வருமானத் தேவை இல்லாத வீடென்றால் டிப்ளோமாதான் சரியான தெரிவு. நான்கு வருடம் நீளம் என்று அதைக் கழிப்பவர்கள், வேலையில்லாமல் கழித்த இரண்டு வருடத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இடையில் ஒரு தனியார் நிலையம் ஆறு மாத ‘டிப்ளோமா’ ஒன்றுக்கு முற்பணம் கேட்டது. அரசில் பதிவு செய்யப்பட்டது என்று விளம்பரம் சொன்னது. அது பொய்யும் இல்லை. ஆனால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, அந்தப் பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறொன்று. இரண்டாவது இருந்தால்தான் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். ஆணைக்குழுவின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, அதன் கீழே பாடநெறியின் பெயரும் மட்டமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்.வி.கியூ. ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஆறு மாதத்தில் கொடுக்கும் ‘டிப்ளோமா’வுக்கு அந்த ஏணியில் எங்கே இடம் என்று கேட்டாலே போதும். இவர் கேட்டார். பதில் வரவில்லை.

கணினித் துறை எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு சுருக்கமான பதில்: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் இணைய வடிவமைப்பும் பைதனும் இலவசம். ஒரு பாடத்தை முடித்துப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். இணையத்தில் சில்லறை வேலைகளை எடுத்துச் செய்யும் தளமான ஃபைவரில் கணக்கு திறப்பது அதற்குப் பிறகு. அங்கே உழைப்பதில் 20 வீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் விலை போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது பதில்

முதல் ஐந்து மாதத்தில் வந்த இரண்டு பதிலில் கள்ளமானது இதுதான். வட்ஸ்அப்பில் வந்தது. வீட்டிலிருந்தே வேலை, யூடியூப் காணொளிகளுக்கு லைக் போட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்ப வேண்டும். முதல் நாள் 500 ரூபா உண்மையாகவே கணக்கில் விழுந்தது. இந்த மோசடியின் உயிரே அந்த 500 ரூபாதான்; அதன் பிறகு சந்தேகப்பட மனம் வராது. அடுத்து டெலிகிராம் குழு, அதில் ‘எனக்கு 40,000 வந்தது’ என்று படம் போடும் ஆட்கள். பிறகு ‘பிரீபெய்ட் டாஸ்க்’: 5,000 போட்டால் 6,500. அதுவும் வந்தது. 25,000 போட்டபோது, கணக்கு முடங்கிவிட்டது, திறக்க இன்னும் 30,000 என்றார்கள். இவர் அங்கே நிறுத்தினார். போனது திரும்பவில்லை.

இதில் காசை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. காசு இல்லை என்றதும், “உங்க எக்கவுண்டுக்கு நாங்க காசு போடுறம், நாங்க சொல்ற இலக்கத்துக்கு மாத்தி விடுங்க, கமிஷன் தாறம்” என்று வருவார்கள். அப்படி வருவது இன்னொரு ஏமாந்தவரின் காசு. முறைப்பாடு போனால் பொலிஸ் முதலில் வருவது கணக்குக்காரர் வீட்டுக்கு. அடையாள அட்டையின் இரு பக்கமும் வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கமும் நியமனக் கடிதத்துக்கு முன்னால் எவருக்கும் போகக் கூடாது.

வெளிநாட்டு விளம்பரங்களுக்கு வேறு சோதனை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தளத்தில் முகவர் நிலையத்தின் அனுமதி இலக்கமும் அது இன்னும் செல்லுபடியாகிறதா என்பதும் தெரியும். அனுமதி மட்டும் போதாது; அந்த நாட்டில் அந்த வேலைக்குப் பணியகம் அங்கீகரித்த வேலைக்கட்டளை (ஆள் கேட்கும் கோரிக்கை) இருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அதோடு பேச்சை முடித்துவிட வேண்டும். ‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டொலரில் சம்பளம்’ என்ற விளம்பரங்களை நம்பிப் போனவர்கள் எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். 2024 இல் அங்கிருந்து இலங்கையர்களை மீட்டு வர வேண்டியிருந்தது.

எட்டாம் மாதம்

கொப்பி எழுதிய பிறகு இவர் அனுப்பியது பதினொரு விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் சீவியின் முதல் அரைப் பக்கம் மாற்றப்பட்டது: விளம்பரம் கேட்ட சொல்லே மேலே, அதே ஆங்கிலப் பெயரில். கோப்பின் பெயர் தன் பெயரும் பதவியும். பொருள் வரியில் பதவியும் விளம்பர இலக்கமும். நேர்முக அழைப்பு நான்கு வந்தது, இரண்டு ஸூமில். ஸூமுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி வரை வைத்துக்கொண்டால் பயமில்லை. போனைக் கையில் பிடிக்காமல் சுவரோடு சாய்த்து, வெளிச்சம் முகத்தில் விழ ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும்.

வேலை கிடைத்தது கொழும்புத் தளத்தால் அல்ல. கல்முனையில் ஒரு விநியோக முகவர் நிலையம் பேஸ்புக்கில் வட்ஸ்அப் இலக்கம் மட்டும் போட்டுப் பதிவிட்டிருந்தது. இப்படியான பதிவுகளுக்கு ஆயுள் மூன்று நாள். காலை பத்து மணிக்கு இவர் அனுப்பியது: “வணக்கம் சேர். கல்முனைக்கு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் தேவை என்ற பதிவைப் பார்த்தேன். உயர்தரக் கணக்கீடு பி, பேங்க் ரிகன்சிலியேஷனும் எக்செலும் செய்வேன். களுவாஞ்சிகுடியிலிருந்து தினமும் வரலாம். சீவி இணைத்திருக்கிறேன்.” ‘வேலை இருக்கா’ என்று மட்டும் எழுதிய நாற்பது பேருக்கு நடுவில் இந்த நாலு வரிக்கு அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது.

சம்பளம் 28,000 என்றார்கள். 2025 ஏப்ரலில் 27,000 ஆக்கப்பட்ட தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000. இவர் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. “சேர், குறைஞ்ச சம்பளம் இப்ப முப்பதெல்லா? ஈ.பி.எஃப். முதல் மாசத்திலயிருந்தே கட்டுவீங்களா?” என்று கேட்டார். முப்பதுக்கு ஒத்துக்கொண்டார்கள். 30,000க்கு ஊழியரிடமிருந்து 8 வீதம் 2,400 கழியும், நிறுவனம் 12 வீதம் 3,600 ஈ.பி.எஃப். எனும் சேமலாப நிதிக்கும், 3 வீதம் 900 நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் போட வேண்டும். தகுதிகாண் காலம் என்று சொல்லி இதைத் தள்ளிப்போட முடியாது. முதல் சம்பளச் சீட்டில் அந்த 2,400 கழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏ.ஏ.ரி. பதிவுக்குக் காசு கட்டினார்.

கொப்பியில் வெள்ளிக்கிழமைப் பக்கம் மட்டும் இன்னும் நடக்கிறது. முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் பரீட்சைக்கு முன்பு வந்த அறிவித்தல்களில் வயதெல்லை 30, சாதாரண தரக் கணிதத்தில் திறமைச் சித்தி (சி). இவரிடம் சி இருக்கிறது, எட்டு வருடமும் இருக்கிறது.